ட்ரவுட் ஆற்றில் கேட்ட குரல்

போன வாரம் செம்பூரில் பல் டாக்டரிடம் போயிருந்தேன். நல்ல கூட்டம். வெயிட்டிங் ரூம் சுவரில் ஒரு டி.வி. சத்தத்தை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். திரையில் ஒரு வெள்ளைக்காரர் இடுப்பளவு ஆற்றில் நின்றுகொண்டு, நீளமான தூண்டிலைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்தார். சுற்றிலும் மலை, காடு, மூடுபனி. ஆள் அரவமே இல்லை.

அழகான காட்சிதான். ஆனால் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். ஆட்டோக்களின் ஹாரன் சத்தத்துக்கு நடுவில் நின்றால் தேவலை போல இருந்தது. ரிசப்ஷன் பெண் பின்னாலேயே வந்து, "என்ன அங்கிள், இன்னும் ஊசியே போடலை, அதுக்குள்ள பயமா?" என்றாள்.

பயம்தான் அம்மா. ஆனால் பல்லுக்காக இல்லை.

இந்தப் பத்தியில் உங்களிடம் எதையெல்லாமோ அளந்திருக்கிறேன் — மாட்டுங்கா மார்க்கெட், ஹார்பர் லைன் ரயில் நெரிசல், என் சர்க்கரை வியாதி வரைக்கும். இதை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் நம்புவீர்களா? நம்பாவிட்டால் போகட்டும்... எனக்கே பாதி நாள் நம்பிக்கை இல்லை.

அறுபதுகள். நான் பம்பாய் ஃபோர்ட்டில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஸ்டெனோ. மாட்டுங்காவில் ஒண்டிக்கட்டை வாசம். எங்கள் துரை ஸ்காட்லாந்துக்காரர். கோடை வந்தால் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிடும். இமயமலையில் குலுவுக்கும் மேலே, பஸ்கூடப் போகாத ஒரு மலை ஆற்றுக்கு ட்ரவுட் மீன் பிடிக்கக் கிளம்பிவிடுவார். அந்த மீனை வெள்ளைக்காரர்களே சீமையிலிருந்து கொண்டுவந்து அங்கே விட்டார்களாம். நாம் ஊரிலிருந்து ஊறுகாய் ஜாடி தூக்கிவருவதில்லையா, அந்த மாதிரி.

அந்த வருஷம் என்னையும் வரச் சொன்னார். லீவில் இருந்தாலும் அறிக்கையை டிக்டேட் பண்ண வேண்டுமே! சமையலுக்கும் எடுபிடிக்கும் பியூன் ஞானமுத்து. தாராவியில் இருந்தார், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். 'கடலோரத்து ஆள், மீனெல்லாம் அத்துப்படி' என்று யாரோ துரையிடம் அள்ளிவிட்டிருந்தார்கள்.

ரயிலில் ஞானமுத்து என் காதில் புலம்பினார். "ஐயரே, எங்க ஊரு தேரிக்காடுவே. செம்மணலும் பனையும்தான். கெணத்துல தண்ணி கெடந்தாலே எட்டி எட்டிப் பாப்போம். எனக்கு மீனும் தெரியாது, நீச்சலும் தெரியாது. கொழம்பு வச்சா திங்கத் தெரியும். துரைட்ட சொல்லிராதேயும்."

"நான் ஏன்யா சொல்றேன்? எனக்கும்தான் நீச்சல் தெரியாது" என்றேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம். நல்ல ஜோடி!

பங்களா என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தேவதாரு மரங்களுக்கு நடுவில் இரண்டு அறை, ஒரு வராந்தா. கீழே ஆறு. வழிகாட்டி தேவி சிங் என்று ஒரு மலைக்காரர். நான் பேசிய பம்பாய் ஹிந்தியைக் கேட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை.

துரையின் தூண்டிலில் புழு கிடையாது. கொக்கியில் கோழி இறகையும் பட்டு நூலையும் சுற்றி, ஒரு ஈ மாதிரியே செய்திருப்பார்கள். நூலைச் சுழற்றி வீசி, நிஜ ஈ வந்து உட்காருவது போல அதைத் தண்ணீர்மேல் இறக்குவார். மீன் ஏமாந்து கவ்வும். கேட்டால், "இதெல்லாம் சின்ன விளையாட்டு. எங்கள் ஊர் சால்மனைப் பார்க்க வேண்டும்! கடலுக்குப் போய் வளர்ந்துவிட்டு, பிறந்த ஆற்றைத் தேடி எதிர்நீச்சல் போட்டுத் திரும்பி வரும்" என்பார். சொல்லும்போது கண் கலங்கும்.

எனக்கு மீன் பிரச்சினை இல்லை. ஆற்றின் இரைச்சல்தான் பிரச்சினை.

முதல் நாள் அது வெறும் இரைச்சல். மறுநாள் அதற்குள் பேச்சுக் குரல் கேட்க ஆரம்பித்தது. யாரோ தள்ளி நின்று பேசுகிற மாதிரி... வார்த்தை மட்டும் பிடிபடாது. டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தால் குரல் போய்விடும். மறுபடி அடிக்க ஆரம்பித்தால் வந்துவிடும். ஞானமுத்துவிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஒமக்கும் கேக்கா? என்னைய காலைலேருந்து எவனோ ரெண்டு ரெண்டு தடவையா பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே கெடக்கான்வே. நான் வேதக்காரன், ஏசுவக் கும்பிடுதவன், பேய் பிசாசெல்லாம் நம்புத ஆளு இல்ல. ஆனா கேக்கு."

தேவி சிங்கிடம் கேட்டோம். "பானி போல்தா ஹை, சாப்" என்றார். தண்ணீர் பேசும். அவ்வளவுதான்! மழை பெய்யும், வெயில் அடிக்கும் என்பது போலச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சிரித்திருந்தால்கூடத் தைரியமாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் துரைக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. காலை நீட்டி வராந்தாவில் உட்கார்ந்தவருக்குத் திடீரென்று என்மேல் இரக்கம் வந்தது. "காலம் பூராவும் டைப்ரைட்டரையே தட்டப் போகிறாயா? போ, ஒரு தடவை ஆற்றில் நின்று பார்!" என்று தன் தூண்டிலைக் கொடுத்தார். மார்பு வரை வருகிற ரப்பர் கால்சராயையும் கொடுத்தார். எனக்கு அதற்குள் இன்னொரு ஆள் குடியிருக்கலாம். ஆனாலும், துரையின் தூண்டில் என் கையில்! ஆசை யாரை விட்டது?

மத்தியானம் கழிந்த நேரம். தேவி சிங் முழங்கால் ஆழத்தில் என்னை நிறுத்தினார். அதைத் தாண்டக் கூடாது என்று விரலை ஆட்டி எச்சரித்துவிட்டு, டீ கொண்டுவர பங்களாவுக்கு ஏறிப் போனார். கரையில் ஒரு பாறைக்குப் பின்னால் ஞானமுத்து சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தார்.

வெயிலில் மேலே பனி உருகும், சாயங்காலம் ஆறு ஏறும் — இதெல்லாம் மாட்டுங்காக்காரனுக்கு எப்படித் தெரியும்? நான் வீசினேன். கொக்கி என் தொப்பியிலேயே மாட்டியது. மறுபடி வீசினேன். மூடுபனி கீழே இறங்கியது. எதிர்க்கரை மறைந்தது. திடீரென்று நூல் வெடுக்கென்று இழுத்தது. மீன்! ஓரடி முன்னால் வைத்தேன். இன்னும் ஓரடி... கால் வழுக்கிவிட்டது.

ரப்பர் கால்சராய்க்குள் ஐஸ் தண்ணீர் கொட்டியது. அது நிறைந்ததும் யாரோ இரண்டு காலையும் பிடித்துக் கீழே இழுக்கிற மாதிரி இருந்தது. தூண்டில் போயே போய்விட்டது. ஒரு கல்லைக் கட்டிக்கொண்டேன். கழுத்து வரை தண்ணீர்.

"ஞானமுத்து!"

அவர் ரொம்பத் தூரத்தில் இல்லை. பாறைக்கு மேலே அவர் தலையும் தோள் துண்டும் தெரிந்தன. என் குரல் கேட்டு அவர் நிமிர்ந்தார். நிமிர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றார்.

"ஞானமுத்து!"

அசையவில்லை. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. வாய்க்குள் தண்ணீர். விரல்கள் மரத்துப்போய்க் கல்லிலிருந்து நழுவ ஆரம்பித்தன. அப்போது எனக்கு என்ன நினைப்பு வந்தது தெரியுமா? மாட்டுங்கா ரூமில் கொடியில் போட்டுவிட்டு வந்த வேட்டியை யார் எடுப்பார்கள் என்று! சாகிறபோது பெரிய பெரிய எண்ணமெல்லாம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

திடீரென்று ஞானமுத்து தூக்கிவாரிப்போட்டது போலத் திரும்பினார். கையில் கிடைத்த நீளக் கிளையைத் தூக்கிக்கொண்டு, கல்லிலும் முள்ளிலும் விழுந்தடித்து ஓடிவந்தார். நீச்சல் தெரியாத மனிதர் இடுப்புவரை தண்ணீரில் இறங்கிக் கிளையை நீட்டினார். எப்படி இழுத்தாரோ, எப்படி வந்தேனோ.

சுள்ளியைக் கொளுத்திக் குளிர்காய்ந்தபோதுதான் எனக்குக் கோபம் பொங்கியது. "ஏன்யா, காது கேட்கலையா? மரம் மாதிரி நின்னியே! செத்திருப்பேனேய்யா!"

ஞானமுத்து அழுதுவிட்டார். "கேட்டுதுவே ஐயரே. ரெண்டு தடவையும் கேட்டுது. நேத்துலேருந்து கூப்பிடுத அதுதான் கூப்பிடுதுன்னு நெனச்சேன். அதுக ரெண்டு தடவைக்கு மேல கூப்பிடாதுல்லா? மனுசன்னா மூணாந்தடவையும் கூப்பிடுவான். அதுக்குப் பெறவுதானே பதில் சொல்லணும்! அதான் பொறுத்தேன். மூணாந்தடவை நீரு கத்துனதும் ஓடியாந்துட்டேன்லா?"

எங்கள் வீட்டிலும் இதைச் சொல்லித்தான் வளர்த்தார்கள். துரையோ தேவி சிங்கோ அங்கே இருந்திருந்தால் முதல் குரலுக்கே ஓடிவந்திருப்பார்கள். நான் கூப்பிட்டது ஒரு தமிழனை. என் இடத்தில் அவரும் அவர் இடத்தில் நானும் இருந்திருந்தால், நானும் காத்துத்தான் நின்றிருப்பேன். கோபம் வடிந்துவிட்டது. ஆனால்...

"ஞானமுத்து, நான் மூணாவது தடவை கூப்பிடவே இல்லையே."

"வெளையாடாதேயும்."

"சத்தியமாய்யா. வாய் நிறையத் தண்ணி. எப்படிக் கூப்பிடுவேன்?"

அவர் என்னையே பார்த்தார். "ஒம்ம குரல்தான்வே. காதுகிட்ட நல்லாக் கேட்டுது. பொத்துன காதுக்குள்ளேயே கேட்டுது. 'ஏலே ஞானம், இங்க பாருல'ன்னு கத்துனீரே..."

என் நாக்கில் 'ஏலே' ஏறவே ஏறாது. அவரை 'ஞானம்' என்று எங்கள் ஆபீசில் ஒருவரும் கூப்பிட்டதில்லை.

"அப்படி உன்னை யார்யா கூப்பிடுவா?" என்று கேட்டேன். அவர் குனிந்து நெருப்பில் இன்னொரு சுள்ளியைப் போட்டார். இரண்டு பேரும் ஆற்றுப் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தோம்.

தேவி சிங் டீயுடன் வந்தார். நனைந்த என்னைப் பார்த்தார், ஞானமுத்துவைப் பார்த்தார். முதல் கிளாஸ் டீயை ஊற்றி, எடுத்துக்கொண்டுபோய் ஆற்றில் கவிழ்த்துவிட்டு வந்தார். அப்புறம்தான் எங்களுக்குக் கொடுத்தார்.

பம்பாய்க்குத் திரும்பிய பிறகு, ரிடையர் ஆகும்வரை ஞானமுத்து மாதிரி ஒரு பியூனை அந்த ஆபீஸ் பார்த்திருக்காது. பாதிக் குரல் கொடுப்பதற்குள் எதிரில் நிற்பார். எல்லோரும் சுறுசுறுப்பு என்றார்கள். எனக்கு மட்டும்தான் காரணம் தெரியும்.

நானும் அப்படித்தான் ஆகிவிட்டேன். கூப்பிடுகிறவன் மனிதனா, வேறு ஏதாவதா என்று நிதானமாகத் தீர்மானித்துக்கொண்டிருக்க மாட்டேன். முழுகுகிறவனுக்கு மூன்று தடவை கூப்பிட மூச்சு இருக்காது, சார். முதல் குரலுக்கே "இதோ வந்துட்டேன்" என்று எழுந்துவிடுவேன்.

"நான் கூப்பிடவே இல்லையே, யாருக்குப் பதில் சொல்றேள்?" என்கிறாள் மனைவி.