முன் கூடத்துப் படம்

அந்தச் சின்ன நகரத்தின் ஓவியக் கூடத்தில் காவலுக்கு இருந்த அவளுக்குக் கோட்டக்கா என்று பெயர். ஏதோ கோட்டையை ஆண்டவள் என்று நினைத்துவிட வேண்டாம். படங்களுக்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. அதைத் தாண்டி யார் மூக்கை நீட்டினாலும், "கோட்டுக்கு இந்தப் பக்கம் நில்லுங்க" என்பாள். மேயர் வந்தபோதும் அதையேதான் சொன்னாள். அவர் நின்றார், பாவம்.

அவளுக்கென்று இருந்தது ஒரே தம்பி. அம்மா போன பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்ததில், தனக்கு ஒரு கல்யாணம் என்கிற நினைப்பே அவளுக்கு வரவில்லை. அவன் லாரி ஓட்டினான். மனைவியோடு அடுத்த தெருவிலேயே குடியிருந்தான்.

மழை பிடித்துக்கொண்ட சமயம் சரக்கு ஏற்றிக்கொண்டு போனவன் திரும்பவில்லை. லாரி மட்டும் ஒரு பாலத்தை ஒட்டி நின்றது, சாவியோடு. ஸ்டேஷனில் போய் அழுதபோது இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டபடி, "வந்துடுவாரும்மா, எங்க போயிடப் போறாரு" என்று அனுப்பிவைத்தார். நல்ல மனுஷன்!

அப்போதுதான் கூடத்தில் 'நம்ம ஊர் முகங்கள்' கண்காட்சி ஏற்பாடானது. யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டு மனிதர் ஒருவரின் படத்தைத் தரலாம். இருப்பவர்கள் முன் கூடத்தில், மறைந்தவர்கள் பின் கூடத்தில். அதுவரை அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காத ஜனம் குடும்பத்தோடு வந்தது. முடிவெட்டுகிறவர் தன் படத்தைப் பார்க்கத் தினமும் வந்து, அதன் கண்ணாடியிலேயே தலை சீவிக்கொண்டு போனார்.

கோட்டக்கா தம்பி மனைவியிடம் படம் கேட்டாள்.

"அவரைப் படமா தொங்கவிடணுமா அண்ணி? வாயால சொல்ற பேச்சா இது?"

"பைத்தியம், முன் கூடத்துலதான் மாட்டப் போறேன். ஊரே வந்து பாக்குது. யாராவது ஒருத்தர், அட, இந்த ஆளை நான் பாத்திருக்கேனேன்னு சொல்ல மாட்டாங்களா?"

படம் ஏறியது. லாரிக் கதவில் சாய்ந்து சிரிக்கிறான். இடது புருவத்தில், சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்த தழும்பு. கோட்டக்கா தன் நாற்காலியை அதற்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களின் முகத்தையே பார்த்தாள்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. போகப் போக, சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர்கள் அந்தப் படத்துக்கு முன்னால் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பின் கூடத்தில் பேசுகிற குரல் அது. தினமும் கேட்கிறவளுக்குத் தெரியாதா?

ஒரு நாள் காலையில் மேனேஜர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஸ்டேஷன்லேர்ந்து போன் வந்துச்சு. அந்தப் படத்தைப் பாக்கணுமாம்."

"பாக்கட்டும் சார். அதுக்குத்தானே மாட்டியிருக்கு" என்றாள். சொன்ன பிறகு உட்கார முடியவில்லை.

அதே இன்ஸ்பெக்டர் வந்தார். சுற்றியிருந்த எந்த முகத்தையும் பார்க்காமல் நேரே தம்பியிடம் போனார். கைபேசியில் எதையோ பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி கைபேசியைப் பார்த்தார். புருவத்தைக் கவனிக்கக் குனிந்தபோது அவர் பூட்ஸ் கோட்டைத் தாண்டியிருந்தது. கோட்டக்கா கோட்டைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்தாள்.

அவர் கைபேசியை அவள் கண்ணில் படாமல் சட்டைப் பைக்குள் போட்டார். தொப்பியைக் கழற்றினார்.

"இவர் உங்களுக்கு என்ன வேணும்மா?"

கொட்டாவி விட்ட அந்த வாயிலிருந்து இன்று வந்தது பின் கூடத்துக் குரல்.

"தம்பி வேணும்" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் அவர் கையைப் பிடித்தாள். "தம்பி வேணும் சார். எனக்கு என் தம்பி வேணும்."