செடிகளுக்கு மட்டும் வெயில்

வெளியே மழையா வெயிலா என்பதை, அந்த ஃபிரிட்ஜ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருந்தவர்கள் ஃபோனில் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள். மழையில் கரண்ட் போய்ப் போய் வந்ததிலிருந்து பெட்டி குளிரவில்லை என்று யாராவது புலம்பினால், சின்னவள் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்து மேசைக்காரியிடம், "வெளிய மழையாம்" என்பாள். அந்தச் செய்தி மேசை மேசையாகப் போய்க் கடைசி வரிசையைச் சேர்வதற்குள் மழை விட்டிருக்கும்.

அது கார் நிறுத்துவதற்காகத் தரைக்கு அடியில் கட்டிய கூடம். கார்களுக்குக் காற்றோட்டம் போதவில்லை என்று அவற்றை வெளியே மரநிழலுக்கு மாற்றிவிட்டு, அந்த இடத்தில் ஆட்களைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். ஜன்னல் இல்லாமல் இல்லை. மேல்மாடி முழுக்க ஜன்னல்தான். அங்கே விற்பனைக்கு வைத்த ஃபிரிட்ஜ்கள் இருந்தன. வெயில் பட்டால் கதவு வெளுத்துவிடும் என்று திரையை இழுத்து மூடி வைத்திருந்தார்கள்.

சின்னவள் என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். கழுத்தில் அளவு நாடாவோடு நாளெல்லாம் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் அவளுடைய அக்காவுக்கு, தங்கை நாற்காலியில் உட்கார்ந்து பேசியே சம்பாதிக்கிறாள் என்பதில் கொள்ளைப் பெருமை. பிளவுஸுக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும்போது அதைச் சொல்லாமல் விடமாட்டாள். எப்பேர்ப்பட்ட கோபக்காரனும் சின்னவளிடம் நாலு வார்த்தை பேசினால் நன்றி சொல்லித்தான் ஃபோனை வைப்பான் என்பாள். அதில் ஒரு சொல்கூட மிகையில்லை.

ஆனால் இரண்டாம் வருஷத்திலேயே அந்த நாலு வார்த்தையும் ஆபீசோடு தீர்ந்துபோயிற்று. இருட்டு பிரியும் நேரத்தில் கம்பெனி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். திரும்பி இறக்கிவிடும்போது தெருவிளக்கு எரியும். வீட்டுக்கு வந்தால் தலைவலி, படுத்தால் தூக்கமில்லை. மெஷின் சத்தம் கேட்டாலே அக்காமேல் எரிந்து விழுவாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போர்த்திக்கொண்டு கிடப்பாள். டாக்டர் ரத்தம், கண் எல்லாம் பார்த்துவிட்டு, தினமும் கொஞ்ச நேரம் காலை வெயிலில் நிற்கச் சொன்னார். அவ்வளவு பீஸ் வாங்கிக்கொண்டு ஒரு மாத்திரைகூட எழுதவில்லையே என்று அக்காவுக்குத்தான் ஆறவில்லை.

சின்னவள் மேலாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் தங்கமான மனிதர். யாருக்கும் இல்லை என்று சொல்லி அறியாதவர். யாருக்கும் எதையும் தந்தும் அறியாதவர். காலையில் சிறிது நேரம் மொட்டைமாடிக்குப் போய்வர அனுமதி கேட்டதும், விடுப்பு விதிகளை மேலிருந்து கீழ்வரை அக்கறையாகப் படித்துப் பார்த்தார்.

"வெயிலுக்குன்னு இதுல ஒண்ணும் இல்லையேம்மா. தலைவலின்னு போடுங்க, அரைநாள் தர்றேன்."

"தலைவலி வராம இருக்கத்தான் சார் கேக்கறேன்."

"வந்தப்புறம் கேளுங்கம்மா" என்றார் அவர், மனதாரச் சிரித்துக்கொண்டு.

அன்று வீட்டுக்கு வந்து, இந்த வேலை இனி தன்னால் ஆகாது, மாசக் கடைசியில் விட்டுவிடப் போகிறேன் என்றாள். அக்கா மெஷினை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அந்த வாரம்தான் நிர்வாகத்துக்கு ஞானம் பிறந்தது. ஊழியர் நலன் நிபுணர் ஒருவர் வந்தார். இயற்கையோடும் வெளிச்சத்தோடும் வேலை செய்கிறவர்களுக்கு மனச்சோர்வு குறைகிறது, அவர்கள் லீவும் அதிகம் எடுப்பதில்லை என்று படம் போட்டுக் காட்டினார். 'லீவு எடுப்பதில்லை' என்ற இடத்தில் நிர்வாகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஜன்னல் உள்ள மாடிக்கு ஆட்களை மாற்றலாம் என்று நிபுணர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆட்களை மேலே கொண்டுபோவதைவிட இயற்கையைக் கீழே கொண்டுவருவது சுலபம் என்று முடிவாயிற்று.

சுவர் முழுக்கக் காட்டுப் படம் ஒட்டினார்கள். மேசைக்கு மேசை தொட்டிச்செடி வைத்தார்கள். மனம் அமைதியடைய ஸ்பீக்கரில் அருவிச் சத்தம் போட்டார்கள். அமைதி வந்ததோ இல்லையோ, கழிப்பறை வாசலில் வரிசை நீண்டது. ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது என்று ஃபோனில் புகார் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டு, "ஏம்மா, உங்க ஆபீஸ்லயே இப்படிக் கொட்டுதே, என் வீட்டுக்கு எங்க வந்து சரிபண்ணப் போறீங்க?" என்று கேட்டார். அன்றோடு அருவி வற்றியது.

செடிகளும் சின்னவளைப் போலவேதான் நடந்துகொண்டன. முதலில் வாடின, பிறகு தலை தொங்கின, பிறகு மஞ்சளாயின. செடி கொடுத்த நர்சரிக்காரர் வந்து பார்த்துவிட்டு, இவற்றுக்கு உரமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், தினமும் காலை வெயில் காட்டினால் போதும் என்றார். மேலாளர் பதறிப்போனார். உயிருள்ள ஜீவன்களை இப்படி இருட்டில் அடைத்து வைப்பது பாவம் என்று எல்லோர் முன்னிலையிலும் வருத்தப்பட்டார். செடிகள் நாள்தோறும் மொட்டைமாடிக்குப் போய்வர அன்றைக்கே உத்தரவு போட்டார். எந்த விதியையும் புரட்டவில்லை.

தூக்கிக்கொண்டு போக யார் முன்வருகிறீர்கள் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் சின்னவள் ஒரு தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

செடிகள் வெயிலில் இருக்கும்வரை பூனை தட்டிவிடாமல் காவல் இருப்பதும் அவள் பொறுப்பானது. அந்தப் பூனையை யாரும் பார்த்ததில்லை. இலையின் நாலு பக்கமும் வெயில் படும்படி தொட்டிகளைத் திருப்பித் திருப்பி வைப்பாள். அப்படியே தானும் திரும்பி நிற்பாள். சில நாளில் படுத்தால் தூக்கம் வர ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமலே எழுந்து வந்து அக்காவுக்குப் பட்டன் தைத்துக் கொடுத்தாள். மாசக் கடைசி வந்தது, போனது. வேலையை விடும் பேச்சை அவளும் எடுக்கவில்லை, அக்காவும் கிளறவில்லை.

மற்றவர்களுக்கும் விஷயம் பிடிபட்டது. இதுவரை செடியை ஏறெடுத்தும் பார்க்காதவர்கள் என் செடியை நான்தான் தூக்குவேன் என்று சண்டைக்கு நின்றார்கள். "ஒனக்கு மட்டும் என்ன, நீ என்ன அதுக்குப் பெத்த தாயா?" என்று பக்கத்து மேசைக்காரி கேட்டேவிட்டாள். சின்னவள் முறை வைத்து எல்லோரையும் அழைத்துப் போனாள். அந்த மாதம் லீவு பாதியாகக் குறைந்தது. எல்லாம் மேசையில் வைத்த பசுமையின் மகிமை என்று மேலாளர் நிர்வாகத்திடம் சொல்லிப் பாராட்டு வாங்கினார்.

பாராட்டு வாங்கிய கையோடு அவருக்கு இன்னொரு யோசனை உதித்தது. பசுமைதானே வேண்டும், வாடாத செடியாகவே வைத்துவிட்டால் தூக்கிச் சுமக்கிற வேலை மிச்சம். திங்கட்கிழமை முதல் பிளாஸ்டிக் செடி என்று அறிவித்தார். இனி ஒருவரும் சிரமப்பட வேண்டாம் என்றும் அன்போடு சேர்த்துக்கொண்டார்.

சின்னவள் வீட்டில் வந்து சொன்னபோது பழைய குரல் திரும்பியிருந்தது. போதும், நாளைக்கே விட்டுவிடுகிறேன் என்றாள். இந்தத் தடவை அக்கா சும்மா இருக்கவில்லை.

"ஊரான் ஃபிரிட்ஜுக்கெல்லாம் பேசறியேடி. ஒனக்காக ஒரு தடவ பேசிட்டு விடு."

திங்கட்கிழமை காலை பளபளவென்று புதுச்செடிகள் மேசைமேல் இருந்தன. சின்னவள் தன் மேசையில் இருந்ததைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல் மாடிக்குப் போனாள். பக்கத்து மேசைக்காரி ஒரு கணம் விழித்தாள். பிறகு தன்னுடையதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். மேலாளர் மூச்சிரைக்க ஏறி வந்தபோது அன்றைய முறையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பிளாஸ்டிக் செடிகளுக்கு வெயில் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பிளாஸ்டிக்குக்கு எதுக்கும்மா வெயிலு?"

"அதுக்கு வேண்டாம் சார். எனக்குத்தான் வேணும். அன்னிக்கு எனக்குன்னு கேட்டேன், நீங்க தரல. செடிக்குன்னதும் தந்தீங்க."

மேலாளர் வாயைத் திறந்தார். கோபக்கார வாடிக்கையாளரிடம் பேசும் அதே நிதானத்தில் அவள் தொடர்ந்தாள். "லீவு கொறஞ்சதும் இங்க வந்து நின்னதாலதான் சார். இத நிறுத்தினா இந்த மாசமே பழையபடி ஏறிடும். நானும் வேலைய விட்டுடுவேன். மேல இருக்கறவங்க கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

அவர் நெற்றி வியர்த்தது. வெயில்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். வாங்கிய பாராட்டைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்று அவர் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். பிறகு, பிளாஸ்டிக்கில் தூசி அதிகம் சேரும், அதைத் தினமும் திறந்தவெளியில் தட்டுவதுதான் சுகாதாரம் என்று கண்டுபிடித்துச் சொன்னார். தூசி தட்டும் நேரம் என்று கீழே உத்தரவும் ஒட்டினார். செடி இல்லாமல் யாரும் மாடியில் நிற்கக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பு.

இப்போதும் காலையில் அந்தக் கட்டடத்தின் மேல், படித்த பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் செடியைக் கையில் வைத்துக்கொண்டு முகத்தை வெயிலுக்குக் காட்டி நிற்பார்கள். சின்னவள் நன்றாகத் தூங்குகிறாள், வாய் நிறையப் பேசுகிறாள். ஒட்டுமொத்த ஆபீசையே வெயிலுக்குக் கொண்டுவந்தவள் என் தங்கை என்று அக்கா துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். பிளாஸ்டிக் செடி விஷயத்தை மட்டும் சொல்வதில்லை. அதைச் சொன்னால் மற்றதையும் நம்பமாட்டார்கள்.