மஞ்சள் தடவிய நன்றிக் கடிதம்

வடக்கே, முனிர்காவில் ஒரு மாணவர் விடுதிச் சமையலறையில் மேற்பார்வை வேலைக்கு நேர்காணல் முடித்து வந்தேன். ஐந்து மாதமாக வேலையில்லை. முருகன் விட்ட வழி என்று இருந்தேன்.

"அப்பா, அவங்களுக்குத் தேங்க்யூ மெயில் போடுங்க. இப்ப எல்லாரும் போடறாங்க," என்றாள் ஒன்பதாவது படிக்கும் மகள்.

"மெயில்ல எங்கம்மா மஞ்சள் தடவறது?"

அவள் சொன்னதைத் தாளில் எழுதினேன். உறையின் மேல் என் பெயரெழுதி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்தடியில் வைத்தெடுத்து, விடுதியில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மேலாளர் அம்மா போன் செய்து ஹிந்தியில் பேசினார்.

"பாய்சாப், உங்க பத்திரிகை மேஜை மேல இருக்கு. வீட்டுல கல்யாணமா? சந்தோஷம். கல்யாண வேலையில உங்களுக்கு எங்க நேரம்? வேற ஆளைப் போட்டுக்கறோம்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கத்தினேன்.

"ஐயோ மேடம்ஜி, பிரிச்சுப் பாருங்க! என் பொண்ணு ஒன்பதாவதுதான் படிக்கிறா!"

உறை கிழியும் சத்தம் கேட்டது. பிறகு ஒரே சிரிப்பு.

"அச்சா, திங்கட்கிழமை வந்துடுங்க. மஞ்சளைச் சாம்பாருக்கு மிச்சம் வையுங்க."

மெயில் போட்டிருந்தால் இந்த வம்பே இல்லை என்கிறாள் மகள். மெயில் போட்டிருந்தால் அந்த அம்மா போனே செய்திருக்க மாட்டார் என்கிறேன் நான்.