தேவாலயத்து மரம்

புலம்பெயர்ந்து வந்த லூயிஷாமில் எங்கள் முதல் மார்கழி. பழைய தேவாலயமொன்றின் கல்லறைத் தோட்டத்தில், பெரிய யூ மரமொன்று பனிமூட்டத்துக்குள் மிதப்பதுபோல் நின்றது. என் மனைவி சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதைச் சுற்றிக் கும்பிடத் தொடங்கினாள்.

"இது சேர்ச் காணியப்பா, ஏசப்போகினம்," என்றேன்.

"மரத்தைக் கும்பிட ஆரைக் கேக்கவேணும்?"

அப்போது தேவாலயத்துப் பெண் பாதிரியார் வெளியே வந்தார். நான் மன்னிப்புக் கேட்க, அவர் சிரித்தார். கிறிஸ்தவம் வருவதற்கு முன்பு இந்த நாட்டவரும் மரங்களை வணங்கினார்களாம். தேவாலயம் கட்டியவர்களுக்கு இந்த மரத்தை வெட்ட மனம் வரவில்லையாம்.

நான் அதைத் தமிழில் சொன்னதும், மனைவி அவருடைய கையைப் பிடித்து, "வாங்கோ" என்றாள்.

அவரும் வந்தார். மூவரும் ஈரப்புல்லில் மெல்லச் சுற்றினோம். பனிக்குள் எங்களுக்கு முன்னால் இன்னும் யாரோ நடப்பதுபோல் இருந்தது.