பக்கத்து வீட்டுச் சேட்டனின் ஸ்பீக்கர்

பாட்டுக் கேட்க வாங்கிய புது ரிசீவரில் என் ஸ்பீக்கர்களை மாட்டினேன். வால்யூமை எவ்வளவு ஏற்றியும் சத்தம் பெரிதாக எழவில்லை.

பக்கத்து வீட்டுச் சேட்டன் வந்து பார்த்தார். "இந்த ரிசீவருக்கு இது போராது. என்னோடத வச்சு நோக்கலாம்" என்று தன் பெரிய ஸ்பீக்கர்களைத் தூக்கிவந்து அவரே மாட்டினார்.

நான் சாயா போட அடுக்களைக்குப் போன இடத்தில், வெளியே போயிருந்த மனைவிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்.

திரும்பி வந்து சேட்டனுக்குச் சாயாவைக் கொடுத்துவிட்டு, வால்யூமைக் குறைக்காமலேயே போனை ப்ளூடூத்தில் இணைத்தேன். அப்போது மனைவியின் பதில் வந்தது. அதைத் திறக்கப் போன விரல் என் மெசேஜில் பட்டுவிட்டது.

எங்கள் மட்டாஞ்சேரிச் சந்து முழுக்க என் குரல்: "பக்கத்து வீட்டு அறுவை வந்திருக்கு. சாயா குடிக்காம நகராது."

சேட்டன் பாதி குடித்த கிளாஸைக் கீழே வைத்தார்.

"ரிசீவருக்குக் குழப்பம் ஒண்ணுமில்ல, கேட்டோ. நல்ல கிளியர்."

ஸ்பீக்கர்கள் இன்னும் என் வீட்டில்தான் இருக்கின்றன. திருப்பிக் கொடுக்க யாராவது துணைக்கு வருவீர்களா?