கொடி ஏற்றிய வருஷம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு உப்பங்கழியின் கரையில் தொலைத்தேன். தொலைத்தேன் என்றுதான் சொல்வேன். அங்கே பாய்மரப் படகுகளுக்கென்று சின்னதாக ஒரு கிளப் இருந்தது. ஓலை வேய்ந்த கொட்டகை, வரிசையாகக் கவிழ்த்து வைத்த பழைய படகுகள், தண்ணீருக்குள் நீட்டிக் கட்டிய மரப்பாலம், பாலத்தின் முனையில் ஓர் இரும்பு மேடை. அந்த மேடையை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

படகு ஓட்டக் கற்றது கல்லூரியில், என்.சி.சி.யின் கடற்படைப் பிரிவில். நன்றாகவே ஓட்டுவேன், இதில் எனக்கு அடக்கம் எல்லாம் கிடையாது. அப்புறம் வங்கி வேலை, கல்யாணம், சிட்லபாக்கத்தில் ஏரியைப் பார்த்த வாடகை வீடு. ஏரி நிறைந்து நிற்கும் மாதங்களில் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண் தானாகப் பார்க்கும். பார்த்து என்ன பயன்? சுக்கானைத் தொட்டு ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. அப்போதுதான் எங்கள் கிளைக்கு வரும் ஒரு வாடிக்கையாளர் இந்தக் கிளப்பைப் பற்றிச் சொன்னார். சொந்தப் படகு இல்லாதவர்களும் சேரலாமாம், கிளப்பின் படகை எடுத்துப் பந்தயத்தில் ஓட்டலாமாம். பதிலுக்கு அவ்வப்போது பந்தயம் நடத்த உதவி செய்ய வேண்டும். அந்த 'அவ்வப்போது' என்ற சொல்லை நம்பிச் சேர்ந்தேன்.

மற்ற உறுப்பினர்கள் எல்லாரும் நகரத்திலிருந்து கடற்கரைச் சாலையில் காரில் வருவார்கள். நான் தாம்பரத்தில் பஸ் பிடித்து, வண்டலூர், கேளம்பாக்கம் என்று சுற்றிக்கொண்டு போவேன். ஞாயிற்றுக்கிழமை அந்த பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போகும் குடும்பங்கள். புளிசாத மூட்டையும் தண்ணீர்க் குடமுமாக அவர்கள் இறங்கிய பிறகுதான் உட்கார இடம் கிடைக்கும். எங்கள் வீட்டுக்காரம்மா, அந்த ஊரின் பழைய குடும்பம், ஒருநாள் வாசலில் என்னை நிறுத்திக் கேட்டே விட்டார்.

"இன்னாம்மா, ஞாயித்துக்கெழமை ஆனா கெளம்பிப் போய்க்கினே கீறே. ஜூவுல அப்படி இன்னாதான் கீது?"

விளக்கப் பொறுமை இல்லாமல் சிங்கம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

முதல் மூன்று ஞாயிறுகள் படகு ஓட்டினேன். அந்த மூன்று நாளும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மதியத்துக்கு மேல் கடல்காற்று மணல்மேட்டைத் தாண்டி வந்து பாயில் விழும்போது படகு ஒரு பக்கம் சாயும். நாம் எதிர்ப் பக்கம் உடம்பை வெளியே தள்ளி உட்கார்ந்து அதை நிமிர்த்த வேண்டும். பழகிய கை எதையும் மறந்திருக்கவில்லை. ஒரு பந்தயத்தில் இரண்டாவதாகவும் இரண்டில் மூன்றாவதாகவும் வந்தேன். புதிதாக வந்தவளுக்கு அது பெரிய விஷயம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

நான்காவது ஞாயிறு என் முறை வந்தது. மேடையில் நின்று பந்தயத்தைத் தொடங்கி வைக்க வேண்டும். பாய்மரப் படகுகளைக் கோட்டில் வரிசையாக நிறுத்தி ஓடச் சொல்ல முடியாது, காற்று நிற்க விடாது. அதனால் தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கையில் ஒரு கொடி, ஐந்து நிமிஷம் இருக்கையில் இன்னொரு கொடி, கூடவே ஊதுகுழல். படகுகள் கோட்டுக்குப் பின்னால் வட்டமடித்துக்கொண்டே நேரம் பார்க்கும். கடைசிக் கொடி இறங்கும் நொடியில் கோட்டைத் தாண்டுகிறவன் கெட்டிக்காரன். கொடி ஏற்றுகிறவர் கொஞ்சம் சொதப்பினாலும் எல்லாம் குழம்பிவிடும். நான் சொதப்பவில்லை. வங்கியில் கவுண்டர் பார்ப்பவள். ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன். அதுவே எனக்கு வினையாகப் போனது.

கிளப்பின் செயலாளர் ஓய்வு பெற்ற பொறியாளர். அவர் குரல் அவ்வளவு மென்மையாக இருக்கும், எதிர்த்துப் பேசினால் நமக்கே பாவம் பிடித்துவிடும் போலத் தோன்றும். அடுத்த வாரம் நான் பாயை விரித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார். இந்த வாரம் முறைக்காரருக்கு உறவில் கல்யாணமாம்.

"உங்கள மாதிரி கரெக்டா யாரும் பண்றதில்லம்மா. இந்த ஒரு வாரம் மட்டும்."

பாயைச் சுருட்டி வைத்துவிட்டு மேடைக்குப் போனேன். அடுத்த வாரம் இன்னொருவருக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் முறைக்காரரே வந்திருந்தார், ஆனால் அவருக்குப் புதுப் படகு வந்திருந்தது, அதை ஓட்டிப் பார்க்க ஆசை. ஆசை அவருக்கு மட்டும்தான் இருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு முடியாது என்று சொல்ல வராது, அதுதான் என் பெரிய சாபம். வாய் வரைக்கும் வந்து, 'பரவால்ல சார்' என்று வெளியே விழும். மரத்துப்போன காலும் காய்ந்துபோன முகமுமாக, உச்சி வெயிலில் அந்த இரும்பு மேடையில் நின்று மற்றவர்களின் பாய்கள் விரிவதைப் பார்த்துக்கொண்டே மழைக்காலம் வரை நாளைக் கடத்தினேன்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. என் கணவர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்தார். வாரத்தில் ஆறு நாள் கம்பெனி பஸ். எங்களுக்கு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடக் கிடைப்பது ஞாயிறு ஒன்றுதான். ஆரம்பத்தில் நான் படகு ஓட்டப் போகிறேன் என்று அவரே நண்பர்களிடம் பெருமையாகச் சொன்னார். நிலைமை தெரிந்ததும் முகம் மாறிவிட்டது.

"நீ ஓட்டினா எனக்கு ஒண்ணும் இல்ல. எவனோ ஓட்டறதுக்கு நீ எதுக்குக் கொடி காட்டணும்? அதுக்கு ரயில்வேலயே சேந்திருக்கலாமே."

துவைத்த துணியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். அவர் கேட்டதில் தப்பு எதுவும் இல்லை என்பதுதான் கூடுதல் கோபம்.

இதில் இன்னொரு கூத்தும் சேர்ந்துகொண்டது. அந்தக் கிளப்பில் முதலில் வந்தால் ஒரு புள்ளி, இரண்டாவதாக வந்தால் இரண்டு புள்ளி. வருஷக் கடைசியில் குறைவான புள்ளி வைத்திருப்பவருக்குக் கோப்பை. மேடையில் வேலை பார்த்ததால் ஓட்ட முடியாமல் போனவருக்கு நஷ்டம் வரக் கூடாது என்று ஒரு நல்ல எண்ணத்தில் ஒரு விதி வைத்திருந்தார்கள். அவர் அதுவரை ஓட்டிய பந்தயங்களின் சராசரி எதுவோ, அதை அன்றைய புள்ளியாகப் போட்டுவிடுவார்கள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை மேடை ஏறுகிறவர்களை மனதில் வைத்து எழுதிய விதி அது. என்னைப் போல ஒருத்தி வந்து மேடையிலேயே குடியிருப்பாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நான் ஓட்டியது மூன்றே பந்தயம், மூன்றும் நன்றாக அமைந்தவை. அந்தக் குறைந்த சராசரியே வாரா வாரம் என் பெயருக்கு எதிரில் விழுந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் ஒருநாள் முதலில் வருவார்கள், ஒருநாள் கவிழ்ந்து கடைசியில் வருவார்கள். எனக்குத்தான் கவிழ வழியே இல்லையே.

மழைக்காலம் முடிந்து, வருஷத்தின் கடைசிப் பந்தயத்துக்கு முந்தைய வாரம், கொட்டகையில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தால் முதல் பெயர் என்னுடையது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இரண்டாவதாக இருந்தவர் ஒரு விளம்பர நிறுவனத்துக்காரர். புதுப் படகு ஆசையில் என்னை மேடைக்கு அனுப்பினாரே, அவரேதான். எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் சத்தமாகவே சொன்னார்.

"மேடம் தரையில நின்னே சூப்பரா ஓட்டறாங்க. நாங்கதான் முட்டாளுங்க, தண்ணியில எறங்கிட்டோம்."

கொட்டகையே சிரித்தது. டூட்டி டூட்டி என்று ஓடி ஓடிப் போனதன் மர்மம் இப்போதுதான் புரிகிறது என்று இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். நான் செயலாளரைப் பார்த்தேன். ஒவ்வொரு வாரமும் கெஞ்சிக் கூட்டிப் போன மனுஷர், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அங்கேயே, எல்லார் முன்னாலும், கடைசிப் பந்தயத்தில் நான் ஓட்டப் போகிறேன், கொடிக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கோப்பை எனக்கு வேண்டியிருக்கவில்லை. தண்ணீரில் ஒருதடவை இவர்களுக்கு முன்னால் போய்க் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கிளப்பின் படகுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சுக்கான், இன்னொருவர் முன்பாயின் கயிறு. ஆரம்பத்தில் என்னோடு ஓட்டியவர்கள் உட்பட, எனக்குத் துணைக்கு வர இப்போது அங்கே யாருக்கும் நேரமில்லை. ஆக, என் கணவரைத்தான் கூட்டிப்போனேன். எலுமிச்சம்பழம், மாற்றுத் துணி, குடை என்று ஒரு பையோடு வந்தார். குடையைப் பார்த்துப் படகுக்காரர்கள் சிரித்தார்கள். கயிற்றை எப்போது இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும், பாயின் அடியில் உள்ள கட்டை தலைக்கு மேல் வரும்போது எப்போது குனிய வேண்டும் என்று கரையில் நின்றே சொல்லிக் கொடுத்தேன். ஸ்டோர்ஸ்காரர், சொன்னதைச் சொன்னபடி செய்வார்.

மேடையில் அன்று ஒரு மூத்த உறுப்பினர். 'கொடி ஏத்தறது ஒரு வேலையா' என்று பல தடவை என் காது படவே சொன்னவர். முதல் கொடியைச் சரியாக ஏற்றினார். இரண்டாவது கொடியை நேரத்துக்கு ஏற்ற மறந்து, ஞாபகம் வந்து தாமதமாக ஏற்றினார். பாதிப் பேர் தங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பாதிப் பேர் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சந்தேகம் வந்தால் கொடிதான் கணக்கு என்பது விதி. கொடி இறங்கியபோது நான் கோட்டில் இருந்தேன். விளம்பரக்காரரும் என் பக்கத்திலேயே இருந்தார், இன்னும் நாலைந்து படகுகளும். மற்றவை எங்கெங்கோ திரும்பி நின்றன.

சுற்றி வர வேண்டிய மிதவைகளில் முதல் மிதவை வரைக்கும் விளம்பரக்காரர் எனக்கு முன்னால் போனார். மிதவையைச் சுற்றும்போது அவர் அகலமாகத் திரும்பினார். நான் அதை உரசாமல் ஒட்டித் திரும்பி உள்ளே புகுந்தேன். 'இழுங்க' என்றேன், என் கணவர் இழுத்தார். படகு சீறிக்கொண்டு போனது. பின்னால் விளம்பரக்காரர் தன் துணையாளைத் திட்டுவது கேட்டது. இரண்டாவது மிதவையையும் நான்தான் முதலில் சுற்றினேன். அப்போது மேடையிலிருந்து ஊதுகுழல் மூன்று தடவை கேட்டது. பந்தயம் ரத்து.

பின்தங்கியவர்கள் போட்ட கூச்சலில் மூத்த உறுப்பினர் பயந்து ஊதிவிட்டார். அதோடு கொடிகளை மேடையில் போட்டுவிட்டு, இனி என்னைக் கேட்காதீர்கள் என்று கரைக்குப் போய்விட்டார். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. காற்று இறங்குவதற்குள் இன்னொரு தடவை தொடங்கினால்தான் உண்டு. எல்லாப் படகுகளும் மேடையைச் சுற்றி வந்து கூடின. செயலாளர் தன் படகைப் பாலத்தின் முனையில் பிடித்து நிறுத்தி என்னைக் கைகாட்டி அழைத்தார்.

"கொஞ்சம் ஏறி வந்து ஸ்டார்ட் பண்ணிடுங்கம்மா. உங்களுக்குத்தான் ஆவரேஜ் குடுத்துடுவோமே."

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் எழுந்து நிற்கப் பார்த்தார். படகு ஆடியது, உட்கார்ந்துவிட்டார்.

"சார், இவ எறங்கிட்டா என் கதி என்ன? எனக்கு ஓட்டவும் தெரியாது, நீச்சலும் தெரியாது."

எறங்கி நின்னா இடுப்பளவுதான் சார் தண்ணி என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு. என் கணவர் தண்ணீரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இடுப்பளவு என்று நான் ஏன் முன்பே சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டார். அவரையும் கரையில் இறக்கிவிட்டு எங்கள் படகைப் பாலத்தில் கட்டிவிடலாம் என்று செயலாளர் அதே மென்மையான குரலில் ஏற்பாடு சொன்னார். நான் சுக்கானை விடாமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"முடியாது சார். நான் ஓட்ட வந்திருக்கேன்."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். மேடம் ஒருத்தரால எல்லாருக்கும் ரேஸ் போகுது என்று விளம்பரக்காரர் கத்தினார். அத்தனை படகுகளில் இருந்த அத்தனை பேரில் ஒருவர், ஒரே ஒருவர், இறங்கி அந்த மேடையில் ஏறியிருந்தால் பந்தயம் நடந்திருக்கும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் இறங்கவில்லை. பாய்கள் தொளதொளவென்று தொங்க ஆரம்பித்ததும் ஒவ்வொருவராகக் கரைக்குத் திரும்பினோம். அன்றைக்கு யாரும் என்னோடு பேசவில்லை.

கடைசிப் பந்தயம் ரத்தானதால் பழைய கணக்கே நின்றது. கோப்பை எனக்கு. சராசரியை எல்லாம் அடித்துவிடுங்கள், கடைசி இடம் வந்தாலும் பரவாயில்லை என்று செயலாளரிடம் கேட்டேன். விதின்னா விதிம்மா என்றார். கோப்பையைக் கொடுத்தபோது இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள், டீத்தம்ளரைக் கீழே வைக்காமலே. தாம்பரம் பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்தேன். ஸ்கூல் ஸ்போர்ட்ஸா மேடம் என்று கண்டக்டர் கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த வருஷம் நான் கிளப்பில் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.

கோப்பை இன்னும் எங்கள் ஷோகேஸில் இருக்கிறது. வருகிறவர்களிடம் என் கணவர் அதைக் காட்டிப் பெருமையாகப் பேச ஆரம்பித்தால் நான் காபி போட உள்ளே போய்விடுவேன். அந்த ரத்தான பந்தயம் எந்தத் தாளிலும் இல்லை. நடக்கவே இல்லை என்றுதான் எழுதி வைத்திருப்பார்கள். இரண்டாவது மிதவையைச் சுற்றி நிமிர்ந்தபோது எனக்கு முன்னால் ஒரு படகும் இல்லை, கரை வரைக்கும் வெறும் தண்ணீர். நான்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன்.