தூக்கின கால் இல்லை, நிற்கிற கால்!

சனிக்கிழமை வேலூர் ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரரை ஒற்றைக் காலில் நிற்க வைத்துவிட்டார் டாக்டர்!

(வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையை வாத்தியார் நிறுத்துவாரே, அதே மாதிரிதான்.)

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஞானமுத்து ஆம்பூர் டேனரியில் தோல் சுமக்கிறவர்.

சுண்ணாம்புக் குழியில் ஊறின தோலைத் தோளில் போட்டுக்கொண்டு, குழிகளுக்கு நடுவே போகும் ஒடுக்கமான பாதையில் நடந்து, முடி சுரண்டும் இடத்தில் இறக்க வேண்டும்.

போன வருஷம் தண்ணீரில்லாத குழி ஒன்றில் விழுந்து வலது இடுப்பில் நல்ல அடி.

இரண்டு மாதத்தில் வலி போய்விட்டது. நாங்களும் அதை மறந்துவிட்டோம்.

ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக நடை மாறியது. வலது காலை ஊன்றும்போதெல்லாம் இடது இடுப்பு பொத்தென்று இறங்கும், உடம்பு வலப்பக்கம் சாயும்.

தெருவில் என்ன பேசினார்கள் தெரியுமா? "ஞானமுத்து குடிக்க ஆரம்பிச்சிட்டான்!"

அந்தப் பேச்சு டேனரி மேஸ்திரி காதுக்கும் போனது.

"குடிகாரனை குழி ஓரத்துல வுட்டு நான் பேஜார் பட முடியாது. திங்கக்கிழமையும் இப்டியே ஆடிக்கினு வந்தே, பேரை அடிச்சிடுவேன்!"

அவர் குடிக்கிறவரே இல்லை. ஒன்பது வருஷமாகக் குடித்தனம் செய்கிறேன், எனக்குத் தெரியாதா?

ஆனாலும் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், திட்டாதீர்கள். நானும் சந்தேகப்பட்டேன்.

தினமும் சாயங்காலம் அவர் வந்ததும், தலைத்துண்டை வாங்குகிற சாக்கில் கிட்டே போய் வாயை மோந்து பார்ப்பேன்.

(டேனரி நாற்றத்தில் சாராயம் என்ன, மல்லிகைப்பூவே வாயில் இருந்தாலும் தெரியாது!)

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டு முனுசாமி. அவரும் அதே டேனரியில்தான் தோல் சுமக்கிறார்.

"அண்ணனுக்கு எடது காலு குட்டையாயிடுச்சி அண்ணி. இடுப்பு எறங்குது பாரு!"

எங்கள் ஊரில் எதற்கும் தோல்தான் வைத்தியம். நல்ல அடித்தோலாகப் பார்த்து, இடது செருப்பில் மூன்று அடுக்கு வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

ஆட்டம் ஜாஸ்தியானது!

"இன்னும் ஒரு அடுக்கு போட்டா செரியாயிடும் அண்ணி."

"ஏன், அதும்மேல ஒரு கோபுரமும் கட்டிடேன்!"

திங்கட்கிழமைக்கு இரண்டே நாள். ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, குதிரை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் முதலில் படுக்க வைத்து நாடாவால் இரண்டு காலையும் அளந்தார். இரண்டும் ஒரே நீளம்!

(முனுசாமி செருப்பை மெதுவாகப் பைக்குள் தள்ளினேன்.)

பிறகுதான் அந்த ஒற்றைக் கால்.

வலது காலைத் தூக்கி இடது காலில் நின்றார். கம்பம் மாதிரி நின்றார்.

இடது காலைத் தூக்கி வலது காலில் நின்றார். இடது இடுப்பு இறங்கியது, உடம்பு சாய்ந்தது, மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா டாக்டரய்யா, எடது காலுதான்!" என்றேன்.

"இல்லம்மா. தூக்கின கால்ல கோளாறு இல்ல, நிக்கிற கால்லதான். வலது இடுப்புப் பக்கத்துல இருக்கிற தசை இளைச்சிப் போயிருக்கு. அது இழுத்துப் பிடிச்சாத்தான் இடுப்பு சமமா நிக்கும். பிடிக்க முடியலைன்னா எதிர்ப்பக்கம் எறங்கிடும். விழாம இருக்கத்தான் இவர் வலது பக்கம் சாயறார்."

நான் மெதுவாகக் கேட்டேன். "குடிச்சாலும் இப்டி ஆடுமாங்க?"

"குடிச்சவன் ஒவ்வொரு அடிக்கும் ஒரே பக்கமா சாய மாட்டாம்மா."

எனக்கு மானமே போனது போல இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

காலையும் மாலையும் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து வலது காலை மேலே தூக்கி இறக்க வேண்டுமாம். தசை தேற மாதக்கணக்கில் ஆகுமாம்.

"திங்கக்கிழமை வேலை போயிடுமே!" என்றேன்.

"சுமையை எந்தத் தோள்ல போடறார்?"

"எடது தோளு. அங்க எல்லாருக்கும் அதுதான்."

டாக்டர் ஒரு வாளித் தண்ணீரை அவர் வலது கையில் கொடுத்து நடக்கச் சொன்னார். பாதி ஆட்டம் காணோம்!

"கெட்ட இடுப்புப் பக்கமே சுமை இருந்தா அந்தத் தசைக்கு வேலை கம்மி. வலது தோள்ல போட்டு நடங்க."

சொல்வது சுலபம். எங்கள் டேனரியில் எல்லோரும் இடது ஓரமாக, இடது தோளில் சுமந்துதான் நடப்பார்கள். அப்போதுதான் எதிரே வருகிறவன் முகத்தில் ஈரத்தோல் அடிக்காது.

திங்கட்கிழமை கூழ் கொடுக்கிற சாக்கில் நானும் போய் நின்றேன். (எனக்குத்தான் எல்லாவற்றுக்கும் ஒரு சாக்கு உண்டே!)

பாதையின் முடிவில் மேஸ்திரி. இவர் வலது தோளில் தோலோடு வருகிறார். எதிரே முனுசாமி!

பளீரென்று ஈரத்தோல் முனுசாமி கன்னத்தில் அடித்தது.

முனுசாமி நின்றார். கன்னத்தைத் துடைத்தார். தன் சுமையை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டு வலது ஓரமாக ஒதுங்கினார்; இவரும் தன் வலது ஓரத்துக்கு மாறினார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார்கள்.

"இன்னாடா கூத்து இது?" மேஸ்திரி கத்தினார்.

"அத்த வுடு மேஸ்திரி. அண்ணன் நேரா நடக்குறாரா இல்லியா, அதப் பாரு!" என்றார் முனுசாமி.

மேஸ்திரி மூன்று நடை பார்த்தார்.

"செரி, போ. நாளைக்கும் இப்டியே வா."

வேலை தப்பியது! மூன்று அடுக்குச் செருப்புக்காக முனுசாமியை மன்னித்துவிட்டேன்.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தார். நான் எட்ட நின்றே கையை நீட்டித் துண்டைக் கேட்டேன்.

அவர் குனிந்து, முகத்தை என் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தார்.

"ஏன் எஸ்தரு, இன்னிக்கு மோந்து பாக்கலியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியுமாய்யா ஒனக்கு?"

"மொத நாளே தெரியும். பாத்தா ஒனக்கு நிம்மதியா இருக்கும்னுதான் தெனமும் நின்னேன்."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டேன். (சுண்ணாம்பு கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். நம்பின மாதிரி இருந்தார்.)

இதைப் படிக்கிற அக்கா தங்கச்சிகளே, உண்மையைச் சொல்லுங்கள். இப்படி மோந்து பார்த்தவள் நான் ஒருத்திதானா?